திருவிருந்துக்கு முன் ஒரு போன்

"கர்த்தர் மன்னிச்சிட்டார்" என்று ஜெபத்தை முடித்துவிட்டு, ஒருவரிடம் வாங்கிய 5,000 ரூபாயை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற கோளாறு. வரி வசூல்காரன் சகேயுவின் வீட்டில் தங்கப்போவதாக இயேசு சொன்னது முதலில். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது அப்புறம்தான் (லூக்கா 19). வரிசையைக் கவனியுங்கள்: இயேசு ஏற்றுக்கொண்ட பிறகும் அவன் பணத்தை மறக்கவில்லை.

சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையே, பணம் கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவது கணக்கில் வராது! "அண்ணே, தப்பு என்னுதுதான். மாசம் 1,000, அஞ்சாம் தேதி தந்துடுறேன்." தொகை, தேதி இரண்டும் வேண்டும். நடுவில் ஓர் "ஆனா" நுழைந்தால் மன்னிப்பு சண்டையாகிவிடும்.

ஏமாற்றி வைத்துக்கொண்ட பணம் என்றால், ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6:5. அதாவது 5,000-க்கு 6,000. பணம் கொடுத்தவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் தவணையை நிறுத்தாதீர்கள்.