பிடியாணை இருப்பதை ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என்மேல் வாரண்ட் இருந்தால் ஒரு கடிதமாவது வந்திருக்காதா?" என்று கேட்பவர்கள் பலர். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. சம்மன் எனப்படும் அழைப்பாணை நம் பெயருக்கு எழுதப்படுவது. இன்ன தேதியில் ஆஜராக வேண்டும் என்று நம்மிடம் சொல்வது. பிடியாணையோ, இன்னாரைப் பிடித்து வந்து முன்னிறுத்துங்கள் என்று நீதிபதி காவல்துறைக்கு இடும் உத்தரவு. முன்பே தெரிவித்தால் தேடப்படுபவர் தலைமறைவாகலாம், தடயங்களை அழிக்கலாம், சாட்சிகளை மிரட்டலாம் என்பதால், அதை அவருக்குத் தெரிவிப்பது பொதுவாகக் கைதாகும் நேரம்வரை தள்ளிவைக்கப்படுகிறது. தேடப்படுபவரைக் கண்டுபிடித்துத் தடுத்துவைக்கும்படி நாடுகளின் காவல்துறைகளைக் கோரி, பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல் விடுக்கும் சிவப்பு அறிவிப்புகளிலும் பெரும்பாலானவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை.

ஆனால் எல்லாப் பிடியாணைகளுக்கும் பின்னால் இப்படியொரு இரகசியம் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. வாய்தாவுக்கு வராததால் பிறப்பிக்கப்படுபவையும் ஏராளம். வீடு மாறிய ஒருவர் நீதிமன்றத்துக்குப் புதிய முகவரியைத் தெரிவிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சம்மன் பழைய வீட்டுக் கதவில் ஒட்டப்படுகிறது. இரண்டொரு நாளில் அது கிழிந்தும் போகிறது. வாய்தா நாளில் அவர் பெயரைக் கூப்பிடும்போது பதில் இல்லை. நீதிபதி கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வழக்கை எடுக்கிறார். அந்த ஒரு வரி, வண்டியை நிறுத்தி உரிமத்தைச் சரிபார்க்கும் காவலரின் கணினித் திரையில் என்றோ ஒருநாள் தெரியும்போதுதான் விஷயமே அவருக்குத் தெரியவருகிறது. இதை யாரும் மறைக்கவில்லை. சொல்லும் பொறுப்புதான் யாரிடமும் இல்லை.

நாளானால் வாரண்ட் தானாகக் காலாவதியாகிவிடும் என்பது அடுத்த தவறான நம்பிக்கை. எடுத்துக்காட்டாக, இந்தியச் சட்டப்படி நீதிமன்றம் ரத்து செய்யும்வரையோ, அது நிறைவேற்றப்படும்வரையோ பிடியாணை உயிரோடுதான் இருக்கும். கைதாகும்போது காவலரின் கையில் காகிதம் இல்லையென்றால் கைது செல்லாது என்று வாதாடுவதும் எல்லா இடத்திலும் பலிக்காது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி, ஆணை கையில் இல்லாத அதிகாரி அது இருப்பதையும் குற்றச்சாட்டையும் சொன்னால் போதும். கேட்டால் பிறகு கூடிய விரைவில் காட்ட வேண்டும்.

இதற்கிடையே, "உங்கள்மேல் வாரண்ட் இருக்கிறது, இப்போதே பணம் கட்டினால் ரத்தாகும்" என்று தொலைபேசியில் மிரட்டுபவரை நம்புவது பெருந்தவறு. பிடியாணையை ரத்து செய்வது நீதிமன்றம்தான். தொலைபேசியில் பணம் வாங்கிக்கொண்டு அது ரத்து செய்யப்படுவதில்லை.

உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் விசாரிப்பதைவிட, வக்கீல் மூலம் வழக்குக் கோப்பைப் பார்க்கச் சொல்வதே முறை. இருப்பது உறுதியானால், பிடியாணையைத் திரும்பப் பெறக் கோரி மனு போட்டுத் தாமாகவே ஆஜராகலாம். பிடித்து வரப்பட்டவரைவிடத் தாமாக வந்தவருக்குப் பிணை கிடைக்கும் வாய்ப்பு பொதுவாகக் கூடுதல். அன்றைக்கே புதிய முகவரியையும் கோப்பில் பதியச் செய்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த சம்மனும் அந்தப் பழைய வீட்டுக் கதவுக்கே போகும்.