பால் ஸ்க்ரூவுக்கு கிரீஸ் போடுறது எப்படி? மலைல சிஎன்சி ரவுட்டர் வச்சிருக்கவங்களுக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் மரப்பட்டறைல புதுசா சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்தை வெட்டி செதுக்கற மெஷின்) இறக்குறவங்க, அதோட வெட்டற தலையை நகர்த்தற நீளமான பால் ஸ்க்ரூவுக்கு முதல்ல கேக்கறது "எந்த கிரீஸ் நல்லது"னுதான். கேக்க வேண்டியதுதான், ஆனா நம்ம ஊர்ல அதைவிட முக்கியம் கிரீஸ் போடறதுக்கு முன்னாடி துடைக்கறது. மழை புடிச்சா மூடுபனி கதவிடுக்கு வழியா பட்டறைக்குள்ளயே வந்துரும், ராத்திரி ஜில்லுனு கிடந்த இரும்புமேல காலைல ஈரக்காத்து பட்டதும் அப்படியே வேர்த்துக்கும், அதுமேல சில்வர் ஓக் தூளும் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்தி செஞ்ச பலகை) பொடியும் ஒக்காந்தா கிரீஸ்ல இருக்கற எண்ணெயை உறிஞ்சிட்டு பேஸ்ட் ஆயிடும். அதுக்கு மேலயே புது கிரீஸ் அப்புனா அந்த பேஸ்ட்டை ஸ்க்ரூமேல நகர்ற நட்டுக்குள்ள நாமளே தள்ளி விடறோம்.

பால் ஸ்க்ரூல நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவுல குட்டி குட்டி ஸ்டீல் பால் உருண்டு சுத்தி சுத்தி வருது. சாதா ஸ்க்ரூ மாதிரி உரசாம உருள்றதாலதான் மோட்டார் குடுக்கற சக்தில 90 சதவீதம் கிட்ட வேலைக்கு வருது. பாலுக்கும் அது ஓடற ஸ்க்ரூ பள்ளத்துக்கும் நடுவுல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் இருந்தே ஆகணும், அது போச்சுனா பள்ளம் பொரிஞ்சு குழி விழ ஆரம்பிக்கும், அப்புறம் சரி பண்ண முடியாது, மாத்தணும்.

தேவையானது: லித்தியம் கிரீஸ் 2ம் நம்பர் (நம்பர் கூடினா கிரீஸ் கெட்டி), பனியன் வேஸ்ட், பழைய பெயிண்ட் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், மெடிக்கல்ல ஊசி இல்லாம ஒரு 10 மில்லி சிரிஞ்ச். வண்டி வீல் பேரிங்குக்கு போடற 3ம் நம்பர் கிரீஸ் வேணாம், ஊட்டி டிசம்பர் குளிர்ல அது கட்டியா நின்னுக்கும். கிராஃபைட், மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸும் வேணாம், அந்த பொடி பால் ஓடற பாதைல போய் சேர்ந்துக்கும். துரு விடுற ஸ்ப்ரே அடிச்சிட்டு "எண்ணெய் போட்டாச்சு"னு விட்றாதீங்க, அது இருக்கற கிரீஸையும் கரைச்சிட்டு போயிடும்.

ஸ்டெப் 1: மெயின் சுவிட்சையே ஆஃப் பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல ஸ்டாப் குடுத்தா பத்தாது, ஸ்க்ரூ சுத்தும்போது துணி மாட்டுனா விரலும் சேர்ந்து போகும்.

ஸ்டெப் 2, இதுக்குத்தான் நேரம் எடுத்துக்கணும். பிரஷ்ஷால தூளை நட்டுலருந்து வெளிப்பக்கமா தள்ளுங்க. கம்ப்ரசர் காத்து அடிக்கவே கூடாது, தூள் சீல் (நட்டு ஓரத்துல தூளைத் தடுக்கற வளையம்) தாண்டி உள்ள போயிடும். அப்புறம் பனியன் துணியை லேசா மண்ணெண்ணெய்ல நனைச்சு, நல்லா பிழிஞ்சு, பள்ளத்துலயே விரல் நகத்தை வச்சு ஸ்க்ரூவோட சுத்துக்கு ஏத்த மாதிரி இழுத்துட்டே போங்க. நூல் வேஸ்ட் வேணாம், நூல் பிரிஞ்சு பள்ளத்துல மாட்டிக்கும். துணில வர்ற கலரைப் பாருங்க: பழுப்பா வந்தா பழைய கிரீஸும் தூளும்தான், குடிக்கற பால் மாதிரி வெளுத்து வந்தா தண்ணி கலந்துருக்கு, செங்கல் கலர்ல வந்தா துரு புடிக்க ஆரம்பிச்சாச்சு. கடைசியா காஞ்ச துணியால ஒரு தடவை துடைச்சிருங்க, மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தா புது கிரீஸை இளக்கிடும்.

சுத்தம் பண்றேன்னு நட்டை ஸ்க்ரூவுலருந்து கழட்டாதீங்க!! உள்ள இருக்கற ஸ்டீல் பால் மொத்தமும் கொட்டிரும்.

ஸ்டெப் 3: நட்டு ஃபிளாஞ்ச்ல (நட்டோட அகலமான விளிம்புல) கிரீஸ் ஓட்டை தேடுங்க. நாம வாங்கற 1605 ஸ்க்ரூல (16 மிமீ தடிமன், ஒரு சுத்துக்கு 5 மிமீ நகரும்) நிறைய நட்டுல எம்6 (6 மிமீ) மரை போட்ட ஓட்டை இருக்கும், நிப்பிள் (கிரீஸ் கன் மாட்டற மூக்கு) மட்டும் இருக்காது. நிப்பிள் வாங்கி மாட்டி கிரீஸ் கன்ல அடிக்கலாம், இல்லனா சிரிஞ்ச் மூக்கை ஓட்டைல அழுத்தி வச்சு மெதுவா தள்ளலாம், எனக்கு சிரிஞ்ச்தான் புடிக்கும், எவ்வளவு போகுதுனு கண்ணுல தெரியும். புது மெஷின்னா இதை கண்டிப்பா பண்ணுங்க, நிறைய ஸ்க்ரூ துரு புடிக்காம இருக்கற எண்ணெயோட மட்டும்தான் பெட்டில வருது.

கொஞ்சம் தள்ளறது, நட்டை ஒரு முனைலருந்து அடுத்த முனை வரைக்கும் கையால ஓட்டறது, மறுபடி கொஞ்சம் தள்ளறது. சீல் ஓரத்துல மெல்லிசா ஒரு வளையம் மாதிரி கிரீஸ் எட்டிப் பார்த்தா நிறுத்திடுங்க. நிறைய போட்டா நல்லதுனு நினைக்கறாங்க, அப்படி இல்ல, நட்டு சூடாகும், வெளிய வழியறது தூளை இழுக்கும். முன்னாடி என்ன கிரீஸ் போட்டிருந்துச்சுனு தெரியலனா, பழசு வெளிய வந்து புதுசு கலர் தெரியற வரைக்கும் தள்ளி, வந்ததை எல்லாம் துடைச்சிருங்க, ஏன்னா வேற வேற வகை கிரீஸ் கலந்தா சிலது தண்ணியா இளகிரும்.

ஸ்டெப் 4: கரண்ட் போட்டு மெதுவான ஸ்பீட்ல முழு நீளத்துக்கும் பத்து நிமிஷம் ஓட்டுங்க, காது குடுத்து கேளுங்க. ஒரே சீரா சத்தம் வரணும். ஒரு இடத்துல மட்டும் நறநறனா அங்க மறுபடி துடைச்சுப் பாருங்க. வழிஞ்ச கிரீஸை எடுத்துருங்க.

பொதுவா 2, 3 மாசத்துக்கு ஒரு தடவை கிரீஸை பாருங்கனு சொல்வாங்க. நம்ம ஊர்ல மழை மாசத்துல வாரா வாரம் துணி வச்சு துடைச்சு கலர் பாருங்க, வெளுத்திருந்தா தேதி பாக்காம கிரீஸை மாத்திடுங்க. ராத்திரி மெஷினை பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும், கெட்டி துணி போதும். உள்ள ஒரு 40 வாட் குண்டு பல்பு, துணில படாத மாதிரி கம்பிக்கூடு போட்டு எரிய விட்டா இரும்பு வெதுவெதுப்பா இருக்கும், காலைல வேர்க்காது.