பேரூராட்சி அலுவலகத்தில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. ஒரு பஸ் ஸ்டாண்டு, வாரச் சந்தை, அரசு மேல்நிலைப் பள்ளி, நாலைந்து கல்யாண மண்டபம் என்று இருக்கிற ஊர்கள். குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, சந்தை, சுடுகாடு, வீட்டு வரி, கட்டட அனுமதி, பிறப்புச் சான்று என்று நம் அன்றாட வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தச் சின்ன அலுவலகத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் குறைவு, வேலையோ அதிகம். அதனால்தான் நாம் எப்படிப் போய் என்ன கேட்கிறோம் என்பது முக்கியமாகிறது. ஒரே ஒரு தாள் இல்லாததால் மாதக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அந்த அலைச்சலில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

எல்லாவற்றுக்கும் பேரூராட்சி என்று நினைப்பது

ஊருக்கு நடுவே போகிற பெரிய சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தால் வார்டு கவுன்சிலரைத் திட்டுகிறோம். அது நெடுஞ்சாலைத் துறையின் சாலையாக இருந்தால் பேரூராட்சி அதைப் போட முடியாது, மனு நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளருக்குப் போக வேண்டும். உள் தெருக்கள்தான் பேரூராட்சியின் பொறுப்பு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் பேரூராட்சி. கம்பம் சாய்ந்திருக்கிறது, கம்பி தொங்குகிறது என்றால் மின்வாரியம், 94987 94987 என்ற மின்னகம் எண். ரேஷன் கார்டு, பட்டா, வாரிசுச் சான்று எல்லாம் தாலுகா அலுவலகம்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருக்கிற ஊர்களில் ஆற்றுத் தண்ணீரை ஊர் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் குடிநீர் வடிகால் வாரியம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்கு விடுவது பேரூராட்சி. ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லையா, உங்கள் தெருவில் மட்டும் இல்லையா என்று முதலில் பக்கத்துத் தெருவில் விசாரியுங்கள். உங்கள் தெருவில் மட்டும் என்றால் வால்விலோ குழாயிலோ கோளாறு. டேங்க் ஆபரேட்டரும் பிட்டரும் சரிசெய்யக்கூடிய வேலை. ஊர் முழுக்க என்றால் வாரியத்திலிருந்து வரவேண்டிய அளவு வருகிறதா என்று பேரூராட்சியின் செயல் அலுவலரிடம் (ஈ.ஓ.) கேட்க வேண்டும்.

இன்னொன்று, பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, நூறு நாள் வேலையும் கிடையாது. இரண்டும் கிராம ஊராட்சிக்கு உரியவை. கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள்.

வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்வது

கவுன்சிலரை டீக்கடையில் பார்க்கிறோம். "அண்ணே, நம்ம தெரு சாக்கடைய கொஞ்சம் பாருங்கண்ணே" என்கிறோம். அவரும் சரி என்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஈ.ஓ.விடம் சொல்லவும் செய்திருக்கலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து நீங்கள் கேட்டதற்கு எந்த அடையாளமும் இருக்காது. செயல் அலுவலர் மாற்றலாகிப் போனால் புதிதாக வருகிறவருக்கு எதுவும் தெரியாது. கவுன்சிலர் மன்றத்தில் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரச் செய்யலாம். அலுவலகத்தை நடத்துவதும் தீர்மானத்தை நிறைவேற்றுவதும் செயல் அலுவலர். அதனால் மனு அவர் பெயருக்கே போகட்டும், அதன் நகல் கவுன்சிலரிடம் இருக்கட்டும். கையில் எழுதிய ஒரு மனு இருந்தால் மன்றக் கூட்டத்தில் பேச அவருக்கும் வசதி.

மனு எழுதுவதிலும் கோட்டை விடுகிறோம். "எங்கள் பகுதியில் அடிப்படை வசதிகள் இல்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்த வார்டு, எந்தத் தெரு, எந்த வீட்டுக்கு எதிரில், எத்தனை நாளாக, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை போதும். விளக்கு, சாக்கடை, நாய்த் தொல்லை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் எங்காவது தங்கிவிடும். போட்டோ இருந்தால் சேருங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தத் தேதியைச் சொல்லி 'முதல்வரின் முகவரி' என்ற அரசுக் குறைதீர் சேவையின் 1100 எண்ணில் பதியலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம், பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு எழுதலாம். முதல் படியைத் தாண்டி நேரே மேலே போனால் மனு சுற்றிவந்து அதே ஈ.ஓ. மேசையில்தான் விழும், நாள்தான் வீணாகும்.

பிறப்புச் சான்று

இதில் செய்கிற தவறுதான் மிகவும் வலிக்கும், ஏனென்றால் அதன் விலையைக் குழந்தை கொடுக்கிறது.

பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருக்கிற ஊரில் இல்லை. பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் நடந்திருந்தால், உங்கள் பேரூராட்சியில் போய்க் கேட்டுப் பயனில்லை. ஆஸ்பத்திரி தகவல் அனுப்ப வேண்டியது சட்டப்படி கடமை. ஆனால் அனுப்பினார்களா, பெற்றோர் பெயரின் எழுத்து சரியாக இருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே பார்ப்பது உங்கள் கையில். அப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு மாதிரி இருந்தால், பின்னால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த ஓர் எழுத்து கழுத்தைப் பிடிக்கும்.

21 நாளுக்குள் தகவல் கொடுத்தால் கட்டணம் இல்லை. 21 முதல் 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாளைத் தாண்டினால் அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி. ஓராண்டையும் தாண்டினால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வரைக்கும் போக வேண்டும். வீட்டில் நடக்கும் இறப்பில்தான் இது அதிகம் தவறிப்போகிறது. காரியம் முடியட்டும் என்று வீட்டில் எல்லோரும் துக்கத்தில் இருக்கும்போது 21 நாள் ஓடிவிடும். அந்த வீட்டுக்கு நெருங்கிய ஒருவர், ஒரு சித்தப்பாவோ மாமாவோ, இந்த ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் அது பெரிய உதவி. இறப்புச் சான்று இல்லாமல் விதவை உதவித்தொகையும் வராது, வங்கிக் கணக்கும் நகராது.

குழந்தையின் பெயர் இன்னொரு பொறி. பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்துவிடுவதால் பலருடைய சான்றில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு, பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பள்ளியில் சேர்த்தாயிற்றே, இனி எதற்கு என்று விடாதீர்கள். 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம்.

வரியும் பெயரும்

வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். இதைத் தெரியாமலே மார்ச் கடைசியில் ஓடிப்போய் வரிசையில் நிற்கிறவர்கள் ஏராளம். பில் கலெக்டர் வீட்டுக்கு வந்து வாங்கினாலும் ரசீது அப்போதே கைக்கு வர வேண்டும். "நாளைக்குத் தர்றேன்" என்பதை ஏற்காதீர்கள்.

வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் வீடு உங்களுடையது என்று ஆகாது. பத்திரம் பதிவுத் துறையில், பட்டா வருவாய்த் துறையில், வீட்டு வரி பேரூராட்சியில், மின் இணைப்பு மின்வாரியத்தில். ஒன்றில் பெயரை மாற்றிவிட்டு மற்றவை தானாக மாறிவிடும் என்று இருந்துவிடுகிறோம். இறந்துபோன தாத்தா பெயரிலேயே முப்பது வருஷம் வரி கட்டுகிற குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. குழாய் இணைப்புக்கோ வங்கிக் கடனுக்கோ தேவை வரும் நாளில், வாரிசுகள் சென்னையிலும் துபாயிலுமாகச் சிதறிக் கிடப்பார்கள்.

கட்டட அனுமதி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் குடியிருப்பு கட்டுபவர்களுக்கு, ஆய்வுக்குக் காத்திராமல் இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. இதை "இனிமேல் அனுமதியே தேவையில்லை" என்று புரிந்துகொண்டு அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அனுமதி கட்டாயம் வேண்டும். கொடுக்கிற விவரத்துக்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது.

குழாயில் மோட்டார் வைப்பது

எல்லோரும் வைத்திருக்கிறார்கள், நான் மட்டும் வைக்காவிட்டால் எனக்குத் தண்ணீர் வராது என்பார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாரும் வைக்க மாட்டார்கள்.

பல தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடையின் குறுக்கேயோ உள்ளேயோதான் போகிறது. குழாய்க்குள் அழுத்தம் இருக்கும் வரை, ஓட்டை இருந்தாலும் நல்ல தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் இழுக்கும்போது அழுத்தம் குறைந்து வெளியே இருப்பதை உள்ளே உறிஞ்சுகிறது. அதாவது சாக்கடையை. அது உங்கள் வீட்டுக்கு மட்டும் வராது, அதே குழாயில் இருக்கிற மற்ற வீடுகளுக்கும் போகும். தண்ணீர் விட்டதும் முதலில் கலங்கலாகவும் நாற்றமாகவும் வருகிறது என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். கடைக்கோடி வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாததற்கும் இதுதான் காரணம்.

சரி, நீங்கள் மட்டும் கழற்றினால் போதுமா? போதாது. தெருவே சேர்ந்து கழற்ற வேண்டும். அதற்குத் தெருவாகச் சேர்ந்து பேரூராட்சியில் எழுதிக் கொடுப்பதுதான் வழி. கூடவே கடைக்கோடி வீட்டுக் குழாயில் குளோரின் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அங்கேயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்க வேண்டும். சின்னச் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற வேலை, சில நிமிஷம்தான் ஆகும்.

செப்டிக் டேங்க்

பொங்கி வழிகிற வரை திறந்தே பார்க்காமல் இருப்பது ஒரு தவறு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். டேங்கின் வெளிக்குழாயை மழைநீர் வடிகாலில் விடுவது அதைவிடப் பெரிய தவறு. அந்த வடிகால் ஏரிக்குப் போகிறது, அந்த ஏரி நம் போர்வெல்லுக்கு வருகிறது. லாரியைக் கூப்பிடும்போது உரிமம் உள்ளதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி ஒரு பேரூராட்சிதான். மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தமிழ்நாட்டில் முதன்முதலாக அங்கேதான் வந்தது. பக்கத்திலுள்ள மதுராந்தகத்தின் கசடும் அங்கே போகிறது. உங்கள் ஊர்க் கசடு எங்கே போகிறது என்பது கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஆளை உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். அவரே இறங்குகிறேன் என்றாலும் விடாதீர்கள். உள்ளே இருக்கிற விஷவாயு நொடியில் ஆளைச் சாய்க்கும், காப்பாற்றக் குதிக்கிறவரும் சேர்ந்தே சாகிறார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டும். இயந்திர உதவிக்கு 14420 என்ற எண்ணை அழையுங்கள்.

குப்பையைப் பிரிக்காமல் கொடுப்பது பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒன்று மட்டும். உடைந்த கண்ணாடி, ஊசி, நாப்கின் ஆகியவற்றைத் தனியாகத் தாளில் சுற்றிக் கொடுங்கள். நாம் பிரிக்காததை அந்தத் தூய்மைப் பணியாளர் அம்மா வெறுங்கையால் பிரிக்கிறார்.

கணக்கைக் கேட்காமல் இருப்பது

உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதில் வரும் குடவோலைத் தேர்தலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியம் என்ற ஊர் நிர்வாகக் குழுவுக்கு வர முடியாது என்று அதே கல்வெட்டில் இருப்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இன்று அப்படிக் கணக்குக் கேட்க இடம் இருக்கிறது, நாம் போவதில்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் வார்டில் அது அமைக்கப்பட்டிருக்கிறதா, அடுத்த கூட்டம் என்றைக்கு, எங்கே என்று அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டம் நடந்தால் கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு வராமல், அது பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

கூட்டமே நடக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அதிலும் "ஏன் எங்கள் தெருவுக்கு ரோடு போடவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்தச் சட்டத்தில் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை மன்றக் கூட்டத் தீர்மானங்களின் நகல், இந்த வார்டில் நடந்த பணிகளின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். அளவுப் புத்தகத்தில் உங்கள் தெருவுக்குப் போட்ட சிமென்ட் ரோட்டின் நீளம், அகலம், கனம் எல்லாம் இருக்கும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நாலு பேராகப் போய் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். ஓரத்தில் விளிம்பு தெரிகிற இடத்தில் கனத்தையும் அளந்துவிடலாம்.