திரும்பி வந்த இரைப்பைப் புற்றுநோய்: குறிவைத்த கதிர் சிகிச்சைக்குப் போகுமுன்

ஆபரேஷனுக்குப் பிறகு நோய் ஓரிரு இடத்தில் மட்டும் திரும்பியிருந்தால், அந்த இடத்தைக் குறிவைத்துக் கதிர் கொடுக்கலாமா என்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் நேராகவே கேளுங்கள். கிளினிக் கொப்பி, ஆபரேஷன் அறிக்கை, ஸ்கேன் எல்லாம் கையில் இருக்கட்டும். முன்பு கதிர் எடுத்திருந்தால் எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர் அளவின் அலகு) என்ற பதிவுதான் மிக முக்கியம், பக்கத்திலிருக்கும் சிறுகுடல் ஓர் அளவுக்கு மேல் தாங்காது. திட்டமிடும் சிடி ஸ்கேனுக்கு எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொன்னார்களோ, கதிர் எடுக்க வரும் ஒவ்வொரு முறையும் அப்படியே வாருங்கள், வயிறு நிரம்பினால் உள்ளே கதிர் படவேண்டிய பகுதி இடம் மாறிவிடும். தோலில் போட்ட மை அடையாளத்தைத் தேய்த்துக் குளிக்க வேண்டாம். கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் சத்தி மாத்திரையை எப்போது போடுவது என்று முன்னமே கேட்டு வையுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்தமாகச் சத்தி எடுத்தாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.