வண்டி ஓட்டத் தெரியாத ஓனருக்கு வந்த மூன்று சலான்

எனக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று இன்றும் தெரியாது. ஆனால் ஒரு பிக்கப்புக்கும் ஒரு ஸ்கூட்டருக்கும் ஆர்சி (பதிவுச் சான்று) என் பெயரில் இருக்கிறது. வீட்டுக்காரர் இறந்த பிறகு மாற்றியது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் தேயிலை. பிக்கப்பை டிரைவர் தம்பி ஓட்டுகிறார், ஸ்கூட்டரை மகளும் மாப்பிள்ளையும் எடுப்பார்கள். போக்குவரத்து அபராதச் சலான் மட்டும் என் பெயருக்கு.

அதுவும் எனக்கு வந்து சேரவில்லை. பிக்கப்பை எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோன அன்றுதான் ஒரு சலான் நிலுவையில் இருப்பது தெரிந்தது. பெயர் மாற்றியபோது ஏஜென்ட் தன் செல் நம்பரையே பதிந்துவிட்டார். மெசேஜ் எல்லாம் அவருக்குப் போயிருக்கிறது. அதனால் முதல் வேலையாக, ஆர்சியில் உங்கள் நம்பர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ‘பரிவாகன்’ என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தின் இ-சலான் பகுதியில் வண்டி எண்ணையும், ஆர்சியில் உள்ள சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி இலக்கங்களையும் போட்டால் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். வாட்ஸப்பில் சலான் என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) வந்தால் தொடவே வேண்டாம், அது பணம் திருடுகிறவன் வேலை.

நான் அன்று ராத்திரி உட்கார்ந்து ஸ்கூட்டரையும், இரண்டு வருஷம் முன்பு விற்ற ஆம்னி வேனையும் சேர்த்தே பார்த்தேன். வண்டிக்கொரு சலான் இருந்தது. மூன்றும் மூன்று விதம்.

பிக்கப் சலான் எங்கள் தப்பு. மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில், ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் நோ பார்க்கிங்கில் டிரைவர் தம்பி நிறுத்தியிருக்கிறார். படத்தில் வண்டியும் தெரிகிறது, போர்டும் தெரிகிறது. “அம்மா, அஞ்சே நிமிஷம்தான் நிறுத்தினேன்” என்றார். ஐந்து நிமிஷம் என்பதெல்லாம் பதில் ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் செய்தால் 1,500. கட்டிவிட்டோம், பாதி அவர் பாதி நான்.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓனர் என்பதாலேயே ஓட்டியவர் செய்த எல்லாத் தப்பும் நம்முடையது ஆகிவிடாது. ஆனால் போலீஸ் கேட்டால் ஓட்டியவர் பெயர், விலாசம், லைசென்ஸ் விவரத்தைச் சொல்ல வேண்டிய கடமை 133-வது பிரிவின்படி ஓனருக்கு உண்டு. “யார் எடுத்தார்களோ தெரியாது” என்று கைவிரித்தால் மாட்டுவது நாம்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை வெளியே விட்டால், யார் ஓட்டினாலும் ஓனரும் பொறுப்பு. பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் சாவி கொடுத்தால் 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை என்று 199ஏ பிரிவு சொல்கிறது. அண்ணன் மகனுக்கு வயது 17. கெஞ்சுகிறான். தரவில்லை.

ஸ்கூட்டர் சலான்தான் எனக்கு வயிற்றெரிச்சல். மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, சமவெளியில் ஒரு ஊர். ஹெல்மெட் இல்லை, 1,000 ரூபாய். எங்கள் ஸ்கூட்டர் குஞ்சப்பனை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கீழே இறங்கியதே கிடையாது. பார்த்தவுடன் மாப்பிள்ளை, “ஆயிரம் ரூபாய்தானே அத்தை, கட்டிடுவோம்” என்றார். நான் முதலில் படத்தைத் திறந்தேன். கருப்பு பைக், டாங்க் வைத்தது. எங்களுடையது கியர் இல்லாத நீல ஸ்கூட்டர்! அந்த பைக் எண்ணில் உள்ள 3-ஐ எங்கள் எண்ணின் 8 என்று படித்திருக்கலாம், இல்லை எவனோ நம் நம்பரை மாட்டிக்கொண்டு திரியலாம்.

இப்படிப்பட்டதைக் கட்டவே கூடாது என்பது என் கட்சி. கட்டினால் அந்த வண்டி நம்முடையதுதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. நாளைக்கு அதே பைக் யாரையாவது இடித்துவிட்டுப் போனால் என்ன செய்வது?

நான் செய்தது இது. சலானையும் படத்தையும் கலரில் பிரின்ட் எடுத்தேன். ஸ்கூட்டரை முன், பின், பக்கவாட்டில் நம்பர் தெரிய படம் எடுத்தேன். ஆர்சி, இன்சூரன்ஸ் நகல். அந்த வாரம் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடந்தது, அவர் கொடுத்த பில் டப்பாவில் இருந்தது. (பில்லைத் தூக்கிப் போடாத பழக்கம் வீட்டுக்காரர் விட்டுப்போனது.) பிறகு உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் போலி நம்பர் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்கினேன். சலானைப் போட்ட போலீஸ் பிரிவு எது என்று சலானிலேயே இருக்கும். அந்த அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம், தளத்தில் உள்ள புகார்ப் பகுதியிலும் அதே விஷயம். கடிதம் அழுது வடிய வேண்டாம், இவ்வளவு போதும்:

“மேற்படி சலானில் உள்ள வாகனம் என்னுடையது அல்ல. படத்தில் இருப்பது கருப்பு நிற மோட்டார் சைக்கிள். என் பெயரில் பதிவாகியிருப்பது நீல நிற ஸ்கூட்டர். படங்கள், ஆர்சி நகல், குறிப்பிட்ட நாளில் வாகனம் பழுதுபார்ப்பில் இருந்ததற்கான பில், சிஎஸ்ஆர் நகல் இணைத்துள்ளேன். சலானை ரத்து செய்து எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

கேமரா, வேகக் கருவி வைத்துப் போடும் சலானுக்கு என்னென்ன சான்று வேண்டும் என்று 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்த்தார்கள். குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ். இதில் எது இல்லையோ அதைக் கடிதத்தில் கேளுங்கள். நம் நவம்பர் மூடுபனியில் எடுத்த படத்தில் நம்பர் தெரியவில்லை என்றால் அதையும் எழுதலாம்.

முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது கெடுவில். நோட்டீஸில் போட்ட தேதிக்குள் பதில் போக வேண்டும். விட்டால் கோர்ட் வரை போகலாம். வெர்ச்சுவல் கோர்ட்டில் (ஆன்லைன் கோர்ட்டில்) அபராதம் கட்டலாம், எதிர்க்கிறேன் என்றும் சொல்லலாம். எதிர்த்தால் வழக்கமான கோர்ட்டுக்கு மாறும், நாமோ வக்கீலோ போய் நிற்க வேண்டும். பஸ் ஏறிக் கீழே போய் வர ஒரு நாள் கொழுந்து பறிப்பு கெடும். 500 ரூபாய்க்கு அது கட்டுபடியாகுமா என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். என் கடிதத்துக்கு ஏழு வாரம் கழித்துச் சலான் ரத்தானது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி கிடையாது.

சீட்டு கொடுப்பவர் தனியார் பார்க்கிங்காரர் என்றால் கதை வேறு. அவர் கேட்பது வாடகை. சட்டப்படி அபராதம் போடும் அதிகாரம் அரசு அதிகாரிக்குத்தான். ரசீது கேளுங்கள், கட்டணப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்னி விஷயத்தில் தப்பு எனக்கும் பங்கு. கூடலூர்க்காரர் பணம் கொடுத்தார், சாவி கொடுத்தேன், பெயர் மாற்றும் படிவம் 29, 30-இல் கையெழுத்தும் போட்டேன். அவர் அதை ஆபீஸில் கொடுக்கவே இல்லை. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 50-வது பிரிவு சொல்வது எனக்குத் தெரியாது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. சலானோடு போனால் பரவாயில்லை, விபத்து நடந்திருந்தால்? “அடுத்த வாரம் மாத்திடறேன் அக்கா” என்று இரண்டு வருஷம் சொன்னவரை, நான் ஊட்டி ஆர்டிஓ வாசலில் நின்றுகொண்டு போன் செய்து வரவழைத்தேன். சலானை அவர் கட்டினார், பெயரும் மாறியது. இப்போது விற்பதாக இருந்தால் நாள், நேரம், கிலோமீட்டர் எழுதி, வாங்குபவர் கையெழுத்தோடு ஒப்படைப்புச் சீட்டு வாங்காமல் சாவியை விடமாட்டேன்.

சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் இப்போது நூல் கட்டிய ஒரு நோட்டு தொங்குகிறது. யார், எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கே. போலீஸ் கேட்டால் 133-வது பிரிவின்படி சொல்ல வேண்டிய பதில் அதில் இருக்கிறது. நேற்றைய கடைசி வரி: “ஸ்கூட்டர், 4.10, மாப்பிள்ளை, பால்.” திரும்பி வந்த நேரத்தை இன்னும் எழுதவில்லை.