மணற்காட்டில் பழகிவிட்டு மலைக்குப் போங்கள்

எங்கள் ஊரில் கீரிமலை இருக்கிறது, மலைதான் இல்லை. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகள்கூட, மலையில் இரண்டாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை மருமக்களைக் கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போகிறவன் நான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். காலை உடைப்பது இறக்கம்தான்.

ஒரு மாதத்துக்கு முன்பே எங்கள் கடற்கரையூர் மணற்காட்டின் மணல்மேடுகளில் பழகுங்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஐந்தைப் பையில் போட்டால் ஏழரைக் கிலோ. அதைச் சுமந்து ஏறி, சின்ன அடி வைத்து மெதுவாக இறங்குங்கள். மலைக்குப் போடப்போகிற சப்பாத்தையே போட்டுப் பழகுவது நல்லது. புதுச் சப்பாத்து முதல் நாளே கொப்புளம் போட்டுவிடும். பாட்டாச் செருப்பு கூடாரத்தடியில் மட்டும்.

மார்கழி விடுமுறையில் கண்டிக்கு அருகே உள்ள நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் வேண்டாம். எங்களுக்கு மழை தருகிற அதே வடகீழ்ப் பருவக்காற்று அங்கேயும் கொட்டும். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், பஸ் காசு போனால் போகட்டும். வனப்பகுதிக்குள் கூடாரம் போட முன்அனுமதி எடுக்க வேண்டும்.

அப்புறம் குளிர். இதில்தான் நான் முட்டாளானேன். முதல் தடவை சிவனொளிபாதமலைக்குப் பருத்தி சேட்டும் சாரமுமாகப் போனேன். இளந்தாரி வேகத்தில் ஏறி நான்கு மணிக்கே உச்சியில் நின்றேன். சூரியன் ஆறு மணிக்குப் பிறகுதான் வரும். வியர்வையில் நனைந்த சேட்டு, 2,243 மீற்றர் உயரத்துக் காற்று, இரண்டு மணித்தியாலம். பல் அடித்த சத்தத்தில் பக்கத்தில் இருந்த தோட்டத்து ஆச்சி திரும்பிப் பார்த்துத் தன் சால்வையைத் தந்தார். ஆயிரம் மீற்றர் ஏற ஏற ஆறு பாகை அளவில் குளிர் கூடும். ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே சீக்கிரம் காய்கிற மெல்லிய பனியனைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். உலர்ந்த உடுப்பு ஒரு சோடி, கம்பளித் தொப்பி, மழைக்கோட்டு மூன்றும் தண்ணீர் புகாத பைக்குள் இருக்கட்டும். உச்சிக்குச் சற்று முன்பே உடை மாற்றுங்கள். முந்திவிட்டால் கீழே தேத்தண்ணீர்க் கடையில் இருங்கள். யாத்திரைப் பருவம் முடிந்தால் கடையும் இல்லை, படியில் வெளிச்சமும் இல்லை. தலையில் கட்டும் டோர்ச் கட்டாயம்.

கூடாரத்தை ஆற்றங்கரையில் அடிக்காதீர்கள். மேலே எங்கேயோ பெய்த மழை ராத்திரியில் ஆறாக வரும். காய்ந்த கொப்பு தொங்குகிற மரத்தடியும் வேண்டாம். இடத்தைப் பார்த்து நான்கு மணிக்குள் அடித்துவிடுங்கள், மலையில் இருள் வருவதற்கு முன்பே பனிப்புகார் வந்துவிடும். பாய்க்குக் கீழே தடித்த ஃபோம் விரிப்பு வேண்டும். மேலே எத்தனை போர்த்தாலும் நிலம் குளிரும். கூடாரத்தின் காற்று வழியை அடைக்காதீர்கள். அடைத்தால் விடியும்போது உங்கள் மூச்சே தண்ணீராக ஒழுகும்.

அட்டைக்குப் பயப்படாதீர்கள். காற்சட்டைக் காலை நீளக் காலுறைக்குள் விட்டு, காலுறையில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் ஏறுவது குறையும். கடித்துவிட்டால் நெருப்பு வைக்க வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். வாய்ப் பக்கத்தில் நகத்தைப் படுக்கவைத்துத் தள்ளுங்கள், விட்டுவிடும். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் ஒழுகும். கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

சாப்பாட்டுக்கு எங்கள் ஊர்ச் சாமானே திறம். எள்ளுப்பாகு, பருத்தித்துறை வடை, பனங்கட்டித் துண்டு எல்லாம் நாட்கணக்கில் கெடாது. சோறு சமைக்கப் போனால் எரிவாயுவைக் கூடுதலாக எடுங்கள். 2,000 மீற்றரில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும், அரிசி வேக நேரமெடுக்கும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிக்கிடுங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. ஆனால் பள்ளத்தில் சிக்னல் இருக்காது. எங்கள் வீட்டில் அந்தத் துண்டு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். சொன்ன நேரத்துக்கு அரை மணி பிந்தினாலே அக்கா போனுக்கு மேல் போன் எடுப்பாள்.