மனம் புண்பட்டால் மட்டும் குற்றமாகிவிடாது

"என் மத உணர்வு புண்பட்டுவிட்டது" என்று எழுதிக் கொடுத்தாலே வழக்கு நிற்கும் என்று புகார் கொடுப்பவர் நம்புகிறார். "கருத்துச் சுதந்திரம் இருக்கிறது, எதையும் பேசலாம்" என்று பேசுபவர் நம்புகிறார். இரண்டு நம்பிக்கைகளும் ஆட்களைச் சிறை வரை கொண்டுபோய் விட்டிருக்கின்றன. இரண்டுமே தவறு.

அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு, பேச்சுரிமையை எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று பட்டியலிடுகிறது. பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் எல்லாம் அதில் உண்டு. மத உணர்வு இல்லை. இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டித்தான் ராம்ஜி லால் மோடி என்ற பத்திரிகை ஆசிரியர், மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவையே எதிர்த்து வாதாடினார். 1957இல் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது. ஆனால் அதன் எல்லையையும் சொன்னது. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்யப்படும் கடுமையான அவமதிப்பு மட்டுமே இதில் அடங்கும். அத்தகைய அவமதிப்பு பொது ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதே அதற்குக் காரணம். அறியாமலோ கவனக்குறைவாலோ நேர்ந்த அவமதிப்பு இதில் வராது. ஒரு பத்திரிகை அட்டையில் மகாவிஷ்ணுவைப் போலச் சித்தரிக்கப்பட்டதற்காகக் கிரிக்கெட் வீரர் தோனி மீது தொடரப்பட்ட வழக்கு, 2017இல் ரத்தானதும் இந்த அடிப்படையில்தான்.

இந்தப் பிரிவு பிறந்த கதை தெரியாமல் அதைப் புரிந்துகொள்வது கடினம். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையை இழித்து எழுதப்பட்ட ஒரு சிறுநூலை வெளியிட்ட ராஜ்பால் என்பவரை, 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. மறைந்த ஒரு மதத் தலைவரைத் தாக்கி எழுதுவது அன்றைய சட்டத்தில் குற்றமாக இல்லை. கொந்தளிப்பு எழுந்தது, அதே ஆண்டு 295ஏ வந்தது. மதத்தை நேர்மையாக விமர்சிப்பவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அப்போதே வலியுறுத்தியவர்களில் முகம்மது அலி ஜின்னாவும் ஒருவர். சட்டம் வந்தும் கோபம் தணியவில்லை. 1929இல் ராஜ்பால் கடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார்.

2024 ஜூலை 1 முதல் இந்த 295ஏ, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுகள். புனிதப் பொருளைச் சேதப்படுத்துவது 298. ஒருவர் காதில் விழும்படி புண்படுத்திப் பேசுவது 302. பிரிவினரிடையே பகைமூட்டுவது 196. எல்லாவற்றையும் ஒரே குற்றமாக எண்ணிப் புகாரில் அள்ளிப் போடுவது வழக்கைப் பலவீனப்படுத்தவே செய்யும்.

பகுத்தறிவுப் பிரச்சாரம் செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று: "நான் காசு கொடுத்து வாங்கிய பொம்மை, உடைத்தால் யாருக்கு என்ன?" என்று கேட்பது. 1953 மே மாதம் திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் ஒரு களிமண் பிள்ளையாரை உடைத்தார். அது கோயிலில் வைத்து வழிபட்ட சிலை அல்ல என்று கீழ் நீதிமன்றங்களும் உயர் நீதிமன்றமும் புகாரைத் தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதினால் போதும், பொருள் எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும் சரி, பிரதிஷ்டை செய்யப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை என்றது. காலம் கடந்துவிட்டதால் பெரியார் மீது மேல்நடவடிக்கை வேண்டாம் என்று விட்டுவிட்டது. அவர் தப்பினார் என்பது மட்டும்தான் மேடைகளில் நினைவில் நிற்கிறது. தீர்ப்பு சொன்ன விளக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

"ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு" என்று செய்தியில் படித்து நடுங்குபவர்கள் பலர். காவல் நிலையத்தில் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம்தான் தர வேண்டும் என்பதே அதன் பொருள். ஏழு ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றம் என்பதால், உடனே கைது செய்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களில், எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்பே முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. பேச்சு தொடர்பான வழக்குகளில் இதைப் பயன்படுத்துவதே உகந்தது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 299 வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க வேண்டுமானால் அரசின் முன்அனுமதியும் தேவை. இந்தப் படிகளைக் கேட்காமல் விடுவது வழக்கில் சிக்கியவருக்கே நஷ்டம்; வழக்கு கடைசியில் தள்ளுபடியானாலும் அலைந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

"நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்" என்பதும் கவசம் ஆகாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய வேறொரு வழக்கில், 2018இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்றுக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம் என்றது.

இரு தரப்பும் செய்யும் இன்னொரு பிழை, பேச்சைத் துண்டாக்குவது. நோக்கத்தைத்தான் சட்டம் கேட்கிறது. முப்பது வினாடி வீடியோவில் நோக்கம் தெரியாது. புகார் கொடுப்பவர் முழு உரையையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பேசியவர் பயந்துபோய்ப் பதிவை அழிப்பதற்கு முன், முன்னும் பின்னும் உள்ளவற்றோடு முழுப் பிரதியைப் பத்திரப்படுத்தி வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும்.